தொண்டர் சீர் பரவுவோம்

(கும்பாபிஷேகத்தை முன்னிட்டு நடைபெற்ற தொண்டர் பாராட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மகா கும்பாபிஷேக நாள் நெருங்கி வருகின்றது. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டியாயிற்று. யாகசாலைக்குப் பந்தற்கால் நட்டாயிற்று. இவ்வேளையில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இவ்வட்டாரத்தில் ஊதியம் கருதாது உழைத்துவரும் தொண்டர்களைப் பாராட்டுவதற்காக நாம் கூடியிருக்கின்றோம்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். தொண்டு என்பது பயன் கருதாது செய்வது. அவ்வாறு செய்தவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது பொருந்துமா? புகழை விரும்பாதவருக்குப் புகழுரை எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் வட்டாரத்துத் தலங்களே விடை கூறும்.

ஆவடிக்கு மேற்கே உள்ளது திருநின்றவூர். அங்கே வாழ்ந்த பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார், பொருள் தேடி எங்கும் முயன்றார், கிடைக்கவில்லை. அதனால் சோர்ந்துவிடவில்லை. மனத்தினாலேயே அடித்தளம் முதல் சிகரம் வரை அமைத்தார். கிணறும் குளமும் மதிலும் வகுத்தார். பிரதிஷ்டைக்கு நாளும் குறித்தார். அதே நாளில்தான், காஞ்சியில் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்த காடவர் கோமானும் பிரதிஷ்டைக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்தில் தாம் அன்று புகவிருப்பதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தருளினார் என்று பெரிய புராணம் கூறுகின்றது.

கொடையாளிகளான அன்பர்கள் அடுத்து நிகழ்ந்ததை ஊன்றி நோக்க வேண்டுகின்றேன். அரசன் சினம் கொள்ளவில்லை. அந்த அடியாரைத் தேடி நின்றவூருக்குப் போனான். கோயில் எங்கே என்று வினவினான். அவ்வூரார்க்கே அது தெரியவில்லை. பூசலாரை அரண்மனைக்கு அழைத்துவரச் செய்யாமல், அவர் இருக்குமிடத்திற்குத் தானே சென்று, செய்தியறிந்து, அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான். பொருள் கொடுத்தவன் உள்ளம் கொடுத்தவரைத் தேடிச் சென்று பணிந்தான். இன்று திருநின்றவூரில் விளங்கும் இருதயாலீசுவரர் ஆலயம் அந்நிகழ்ச்சியை நமக்கு நினைவூட்டி நிற்கின்றது.

இனிப் பூவிருந்தவல்லிக்கு வருவோம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் அது. மலர் வளர்த்துக் காஞ்சி வரதருக்குச் சாத்துவதும், திருவாலவட்டம் வீசுவதும் அவர் மேற்கொண்ட கைங்கரியம். விசிறி வீசுவது எளிய பணிதானே என்று உலகம் எண்ணும். ஆனால் இராமாநுஜர் தம் ஐயங்களுக்கு வரதரிடமிருந்து விடை பெற்றுத்தருமாறு அவரையே வேண்டினார். வரதர் அருளிய ஆறு வார்த்தைகள் நம்பிகள் வாயிலாகவே இராமாநுஜரை அடைந்தன என்பது வைணவ மரபு. நம்பிகள் வைசிய குலத்தவர், இராமாநுஜர் அந்தணர். ஆயினும் நம்பிகள் அமுது செய்த சேடத்தை உண்ணுதலே தமக்குப் பேறு என்று கருதினார். இல்லத்தில் குலவேற்றுமை பாராட்டப்பட்டு அவ்வெண்ணம் நிறைவேறாது போனபோது அவர் பெரிதும் வருந்தினார். தொண்டரைப் போற்றப் புகுந்தால் குலம், செல்வம், பதவி ஆகிய மூன்றையும் வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது.

பூவிருந்தவல்லிக்கு அணித்தே உள்ளது குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். சோழப் பேரரசில் அமைச்சராய் இருந்த அவர், தொண்டர்களின் வரலாற்றை விரித்துத் திருத்தொண்டர் புராணம் இயற்றினார். 12-ஆம் நூற்றாண்டில் அரசாண்ட சோழ மன்னன் அவரையும் நூலையும் யானைமீது ஏற்றி, தானும் உடன் அமர்ந்து கவரி வீசினான் என்றும், "தொண்டர் சீர் பரவுவார்" என்ற பெயர் அவருக்கு வழங்கிற்று என்றும் சேக்கிழார் புராணம் உரைக்கும். தொண்டரைப் பாராட்டியவரையே நாடு இவ்வாறு பாராட்டியது!

அத்தொண்டர்கள் செய்தவை எவை? தண்டியடிகள் கண்ணொளி இல்லாதிருந்தும் திருவாரூரில் குளம் தோண்டினார். திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தார். அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். நம் திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார் தம் உடைமையெல்லாம் அன்னம் பாலிப்பிலே செலவிட்டார். யாவும் கைகால்களால் செய்யும் எளிய பணிகள். இன்னொன்றையும் கருதுங்கள். 63 தனியடியார்களோடு 9 தொகையடியார்களும் அங்கே போற்றப்படுகின்றனர். பெயர் தெரியாதவர்களும், தமிழ் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களும், முன்னும் பின்னும் தோன்றும் அடியவர்களும் அத்தொகையில் அடங்குவர். பெயர் தெரியவில்லை என்பதற்காக ஒருவரும் விடப்படவில்லை.

இக்கண்ணோடு நம் ஊரைப் பாருங்கள். 1960-களில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் பெருகின. பல மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அயலாராய் வந்தவர்களை ஊராராக ஆக்கியதில் கோயில் தொண்டுக்கும் பங்குண்டு. வாரமெல்லாம் ஆலையில் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் உழவாரம் ஏந்திப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகின்றவர்கள் உளர். 2015 டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நடந்து உணவுப் பொட்டலம் கொண்டுசேர்த்த இளைஞர்கள் உளர். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், உறவினரும் அணுக அஞ்சிய வீடுகளின் வாயிலில் மருந்தும் பாலும் வைத்தவர்கள் உளர். விடியுமுன் கோயில் வாயில் தெளித்துக் கோலமிடும் தாய்மார்களும், ஏரிக்கரையில் குப்பை அகற்றும் பிள்ளைகளும் உளர். இவர்களெல்லாம் அத்தொகையைச் சேர்ந்தவர்களே என்பது என் துணிபு.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு விடை இதுதான். பாராட்டு தொண்டருக்குத் தேவையில்லை, நமக்குத்தான் தேவை. பூசலார் பாராட்டை எதிர்பார்க்கவில்லை. அரசன் தேடி வந்தபோது அவர் மருண்டார். ஆயினும் அன்று அரசன் வணங்காதிருந்தால் நின்றவூரார்க்குத் தங்களிடையே வாழ்ந்த பெரியாரைத் தெரிந்திராது. சேக்கிழார் பாடாதிருந்தால் வண்ணாரின் தொண்டும் குயவரின் தொண்டும் நமக்கு எட்டியிராது. பின்வருவோர் தொண்டிற்கு ஆளாகும்பொருட்டே முன்னோரின் தொண்டைப் பேசுகின்றோம்.

அன்பர்களே! கும்பாபிஷேகம் ஒரு நாளில் நிறைவுறும்; மண்டலாபிஷேகம் 48 நாளில் நிறைவுறும். அதன்பின் கூட்டம் கலையும். துடைப்பமும் பூக்குடலையும் பழைய கைகளிலேயே தங்கிவிடும். அக்கைகளுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கின்றது. பொன்னாடை போர்த்தியதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா? கொடையாளிகளின் பெயரைக் கல்லில் பொறிக்கும் நாம், இன்ன பணியை இத்தனை ஆண்டு இன்னார் செய்தார் என்று கோயில் ஏட்டிலாவது எழுதி வைப்போம். தொண்டர் நோயுற்றால் அவர் இல்லம் தேடிச் செல்வோம். பொருள் வழங்கிய ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர், மாதத்தில் ஒரு நாளேனும் அவர்களோடு நின்று பணிசெய்வோம். கவரி வீசிய சோழனும் காலில் வீழ்ந்த காடவனும் காட்டிய வழி அதுவே.

இன்று சிறப்புச் செய்யப்பெறும் தொண்டர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வும் நிறைந்த அருளும் பெற்று விளங்க இறைவன் திருவடிகளை வணங்கி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.