மஞ்சள் பியோனி



இன்று நான் பேச வந்திருக்கும் மலரை உங்களில் பெரும்பாலோர் கண்டிருக்கமாட்டீர்கள். பியோனி என்பது அதன் பெயர். நம்முடைய சமவெளிகளில் அது வளர்வதில்லை. ஆண்டுதோறும் பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் அதற்கு வேண்டும்; அக்குளிர் கிட்டாவிடில் அதன் மொட்டுகள் உறக்கம் கலைந்து எழுவதில்லை. மலர்ந்த தாமரையின் அளவினதாய், அடுக்கடுக்கான இதழ்களுடன், வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் செஞ்சிவப்பாகவும் பூக்கும் மலர் அது. சீன மக்கள் அதை மலர்களின் அரசன் என்று கொண்டாடுகின்றனர்.

சீனத்தில் ஒரு கதை வழங்குகிறது. பனிக்காலத்தில் ஒருநாள் பேரரசி வூ, தன் தோட்டத்து மலர்கள் யாவும் மறுநாளே மலரவேண்டுமென்று ஆணையிட்டாளாம். எல்லாம் பணிந்து மலர்ந்தன. பியோனி மட்டும் மலரவில்லை. சினங்கொண்ட பேரரசி அதை லோயாங் நகருக்கு நாடுகடத்திவிட்டாளாம். கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் புதிய பியோனி வகைகளை உண்டாக்க முயன்றவர்கள் அனைவரும், இம்மலர் யாருடைய ஆணைக்கும் காலம் தவறிப் பூப்பதில்லை என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்களே.

தோட்டங்களில் வளரும் பியோனியில் முக்கியமாக இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று, பனிக்காலத்தில் தரைக்குமேல் அடியோடு மடிந்து, வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் செடிவகை. மற்றொன்று, கட்டையான தண்டுடன் பனியிலும் நிலைத்து நிற்கும் மரவகை. தோட்டக்காரர்கள் மிகுதியாக வளர்த்தது செடிவகையையே. அதன் தண்டு உறுதியானது, குளிரைத் தாங்குவது, ஐம்பது ஆண்டுகள்கூட ஒரே இடத்தில் வாழக்கூடியது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது: தெளிந்த மஞ்சள் நிறம் அதில் இல்லை. காக்கசஸ் மலைப்பகுதியில் வெளிர்மஞ்சள் நிறமுள்ள காட்டுச்செடி ஒன்று உண்டு. எனினும் அதன் நிறம் பாலேட்டின் சாயலுக்குச் சற்றே மேம்பட்டது, அவ்வளவுதான். உண்மையான பொன்மஞ்சள் மரவகையில் இருந்தது. 1880களில் சீனத்தின் யுன்னான் மலைகளில் செடிகளைத் திரட்டிய பிரெஞ்சுப் பாதிரியார் தெலாவே அதைக் கண்டெடுத்தார். பிரான்சில் நான்சி நகரத்து லெமுவான் குடும்பத்தினர் அதைப் பிற மரவகைகளுடன் கலந்து பெரிய மஞ்சள் மலர்களைப் பெற்றனர். அம்மலர்களுக்குக் கனம் மிகுதி. காம்பு தாங்காமல் அவை தலைகவிழ்ந்து இலைகளுக்குள் மறைந்துவிடும். இத்தனை அழகு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பயன்?

ஆகவே மரவகையின் மஞ்சளைச் செடிவகையின் நிமிர்ந்த தண்டில் ஏற்றவேண்டும் என்ற ஆசை பிறந்தது. முடியாத காரியம் என்றே பலரும் கருதினர்.

கலப்புச் செய்யும் முறையைச் சொல்லுகிறேன். தாயாகத் தேர்ந்த செடியின் மொட்டு விரிவதற்கு முன்பே அதன் இதழ்களை விலக்கி, மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுக்கவேண்டும். தன் மகரந்தமே தன்மேல் படிந்தால் முயற்சி பாழ். தந்தையாகத் தேர்ந்த மலரின் மகரந்தத்தை முன்னரே உலர்த்தி வைத்திருக்கவேண்டும். மரவகை முந்திப் பூத்துவிடும், செடிவகை பிந்தும். எனவே மகரந்தத்தைக் குளிர்ந்த இடத்தில் ஈரம் படாமல் காப்பது ஒரு தனிக்கலை. பிறகு மென்தூரிகையாலோ விரல் நுனியாலோ அதைச் சூல்முடியில் தடவி, மேலே காகித உறையிட்டு, நாளும் பெற்றோர் பெயரும் எழுதிய சீட்டைக் கட்டவேண்டும். சீட்டைக் கட்ட மறந்தவன் அந்த ஆண்டையே இழந்தவனாவான்.

கோடை கடந்து காய் வெடிக்கும். விதை உள்ளே இருந்தால் நல்லூழ்தான். விதைத்த பின்னரும் அவசரப்படுவதற்கில்லை. முதற்பருவத்தில் வேர் மட்டுமே இறங்கும். பிறகு ஒரு பனிக்காலம் முழுவதையும் மண்ணுக்குள் கழித்தால்தான் முளை வெளியே வரும். அவ்வாறு வந்த நாற்று முதல் மலரைக் காட்ட நான்கு ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ, சில சமயம் அதற்கு மேலுமோ ஆகலாம். அந்த மலரும் பெரும்பாலும் வேண்டாத மலராகவே இருக்கும். பிடுங்கி எறிய நேரிடும். ஆண்டுத் தேர்வின் முடிவுக்கு ஒரு மாதம் காத்திருக்க நாம் படும் பாட்டை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இப்பொறுமைக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்தர் பெர்சி சாண்டர்ஸைச் சொல்லவேண்டும். நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கல்லூரியில் அவர் இரசாயனப் பேராசிரியர். கலப்பினக் கலை அவருக்குக் குடும்பச் சொத்து. தந்தை வில்லியம் சாண்டர்ஸ் கனடா நாட்டு அரசாங்கச் சோதனைப் பண்ணைகளின் முதல் இயக்குநர். 1892ஆம் ஆண்டில் இளைஞரான பெர்சி, நம் நாட்டிலிருந்து சென்ற ‘ஹார்டு ரெட் கல்கத்தா’ என்னும் கோதுமையைக் கனடாவின் ‘ரெட் ஃபைஃப்’ கோதுமையுடன் கலந்தார். அக்கலப்பின் வழிவந்த கதிர்களிலிருந்தே பின்னர் அவருடைய சகோதரர் சார்லஸ் புகழ்பெற்ற ‘மார்க்கீஸ்’ கோதுமையைப் பிரித்தெடுத்தார். கனடாவின் புல்வெளிகளைக் களஞ்சியமாக்கிய அப்பயிரில் இந்திய மண்ணின் பங்கும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

கோதுமையில் பழகிய அந்தக் கை பின்னர் பியோனிக்குத் திரும்பியது. உலகெங்கிலுமிருந்து காட்டினங்களை வரவழைத்து, ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வொரு கலப்பையும் இரசாயனக் கூடத்துச் சோதனையைப் போலவே குறிப்பேட்டில் பதிந்தார் சாண்டர்ஸ். 1953இல் அவர் மறைவதற்குள் வளர்த்த கலப்பின நாற்றுகள் 17,000க்கும் மேல் என்பர். பெயரிட்டு வெளியிடத் தக்கவை என்று அவர் கருதியவை சில நூறுதாம். எனக்கு அவரிடம் பெரிதாகத் தோன்றுவது அந்தச் சில நூறு அல்ல. எஞ்சியவற்றை விலக்கிய துணிவே. தான் வளர்த்த ஒன்றைத் தானே வேண்டாமென்று சொல்லுவது எளிதன்று. பவழ நிறத்தையும் இளமஞ்சளையும் பியோனிக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆயினும் செடிவகைக்கும் மரவகைக்கும் இடையே இருந்த சுவர் அவர் காலத்தில் அவர் தோட்டத்தில் உடையவில்லை.

அதை உடைத்தவர் ஜப்பானியரான தோயிச்சி இதோ. பல ஆண்டுகள் முயன்று தோல்வி கண்டவர் அவர். அவர் செய்த கலப்புகள் ஏறத்தாழ 1,200 என்று சொல்லுகிறார்கள். இறுதியில் 1948ஆம் ஆண்டு, ‘ககோதென்’ என்னும் வெள்ளைச் செடிவகையில், லெமுவான் உண்டாக்கிய ‘ஆலிஸ் ஹார்டிங்’ என்னும் மஞ்சள் மரவகையின் மகரந்தத்தைத் தடவினார். விதைகள் பிடித்தன, முப்பத்தாறு நாற்றுகள் கிடைத்தன. இலை தந்தையைப் போல் பிளவுபட்டிருந்தது. தண்டோ தாயைப் போல் பனிக்காலத்தில் மடிந்து வசந்தத்தில் எழுந்தது. கலப்பு மெய்யானது என்று அச்செடிகளே சான்று கூறின. மலர் மட்டுமே வரவேண்டியிருந்தது.

மலர் வருவதற்கு முன், 1956ஆம் ஆண்டு, இதோ காலமானார்.

அவருடைய உதவியாளர் ஷிகாவோ ஓஷிடா அந்த நாற்றுகளைக் கைவிடவில்லை. நீரூற்றினார், களை பறித்தார், காத்திருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவை பூத்தன. உறுதியான செடியில், இலைகளுக்கு மேலே, தெளிந்த மஞ்சள் மலர்கள்! முன்னவர் கண்ட கனவைப் பின்னவர் கண்ணாரக் கண்டார். இன்று அவ்வின மலர்கள் முழுவதையும் உலகம் ‘இதோ பியோனி’ என்றே அழைக்கிறது. ஓஷிடாவின் பெயரைச் சொல்லுவோர் சிலரே. இது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு கோடையில் அவர் அலட்சியமாக இருந்திருந்தால் நாம் பேசுவதற்கு எதுவுமே இருந்திராது.

நியூயார்க்கைச் சேர்ந்த லூயி ஸ்மிர்னோவ் என்ற பியோனி வணிகர் அச்செடிகளைப் பெற்று, 1974இல் அவற்றுள் நான்கினைப் பெயரிட்டுப் பதிவு செய்தார். ‘மஞ்சள் மகுடம்’, ‘மஞ்சள் கனவு’, ‘மஞ்சள் பேரரசர்’, ‘மஞ்சள் சுவர்க்கம்’ என்பது அப்பெயர்களின் பொருள். வழி திறந்துவிட்டது என்று கண்டதும் வேறு பலரும் முனைந்தனர். விஸ்கான்சின் மாநிலத்தில் ரோஜர் ஆண்டர்சன் உண்டாக்கி 1986இல் பதிவு செய்த ‘பார்ட்செல்லா’ என்னும் எலுமிச்சை மஞ்சள் மலர், அமெரிக்கப் பியோனிச் சங்கத்தின் தங்கப்பதக்கத்தை 2006இல் பெற்றது. ஒரு செடியின் வேரைப் பிளந்து நட்டே பெருக்க வேண்டியிருந்ததால், தொடக்கத்தில் அதன் விலை செல்வந்தர்களையும் தயங்கவைத்தது. பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்க்கும் முறை வந்தபிறகே சாதாரணத் தோட்டக்காரர் கைக்கு அது எட்டியது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு தடை நீங்கவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் பத்துப் பத்துக் குரோமோசோம்கள். முறைப்படி ஒவ்வொருவரும் பாதியைத் தர, பிள்ளைக்கும் பத்தே இருக்கவேண்டும். இக்கலப்பினங்களில் பெரும்பாலானவற்றிலோ பதினைந்து காணப்படுகின்றன. பெற்றோருள் ஒருவர் தம் பங்கைப் பாதியாக்காமல் முழுதாகவே கொடுத்துவிட்டார் என்பது அதன் பொருள். மூன்று தொகுதிகளை இரண்டாகச் சமமாகப் பங்கிட முடியாதல்லவா? அதனால் இவற்றில் விதை பிடிப்பது மிக மிக அரிது. நூற்றுக்கணக்கான மலர்களில் மகரந்தம் தடவிவிட்டு, கோடை முடிவில் காய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லாமல் திரும்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எப்போதாவது ஒரு காயில் ஒரே ஒரு கரிய விதை உருண்டு விழும். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, சீட்டெழுதி, தனியொரு தொட்டியில் ஊன்றிவிட்டு, அவர்கள் அடுத்த வசந்தத்தை எண்ணத் தொடங்குகிறார்கள்.