வாந்திபேதியும் வல்லரசுகளும்: கமரான் தீவின் கதை

காலனிய காலத்துத் துறைமுகங்களையும் தொற்றுநோயையும் ஆராயும் இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்க, செங்கடலில் ஏமன் கரையோரம் கிடக்கும் சின்னத் தீவு ஒன்றே போதும். பெயர் கமரான். 1882இல் துருக்கியின் உஸ்மானிய அரசு அங்கே, நோய்த்தடுப்புக்காகப் பயணிகளைத் தனித்து வைக்கும் குவாரண்டைன் நிலையம் ஒன்றைத் திறந்தது. இந்தியாவிலிருந்தும், டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா, சுமத்திராவிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போகும் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்ட பிறகுதான் மக்காவின் துறைமுகமான ஜித்தாவைப் பார்க்க முடிந்தது. யாத்ரீகர்கள் கரையிறங்கி, துணிமணிகளைக் கிருமிநீக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, நாட்கணக்கில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். அதற்குக் கட்டணமும் அவர்களே கட்டினார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? 1865 ஹஜ்ஜில் வாந்திபேதி, அதாவது காலரா, புகுந்தது. மக்காவில் கூடிய சுமார் 90,000 பேரில் 15,000 பேர் மாண்டதாக அன்றைய மதிப்பீடு. பிழைத்தவர்கள் சூயஸில் இறங்கி, ரயிலேறி அலெக்சாந்திரியா போய், நீராவிக் கப்பல்களில் மத்தியதரைக் கடலெங்கும் பரவினார்கள். நோயும் டிக்கெட் இல்லாமல் கூடவே போனது. மறு ஆண்டு இஸ்தான்புல்லில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலராவின் தாயகம் இந்தியா என்றும், மனிதர்களின் பயணத்தோடுதான் அது பரவுகிறது என்றும் முடிவு கட்டியது. செங்கடலிலேயே வாசலை அடைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது.

வாசலில் யார் காவல் நிற்பது என்பதில் வந்தது வம்பு.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1880களின் தொடக்கத்தில் அதைக் கடந்த கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள். ஒரு நாள் நிறுத்தினாலும் நிலக்கரிச் செலவும் சம்பளமும் ஏறும். சரக்குக்குச் சொன்ன கெடு தப்பும். இந்திய அரசின் சுகாதார ஆணையர் ஜேம்ஸ் கன்னிங்காம் காலரா ஆளுக்கு ஆள் தொற்றும் என்ற கொள்கையையே ஏற்கவில்லை. குவாரண்டைன் வீண் வேலை என்பது அவர் கட்சி. 1883இல் எகிப்தில் காலரா வெடித்தபோது லண்டன் அனுப்பிய மருத்துவர் கையர் ஹண்டர், நோய் இந்தியாவிலிருந்து வரவில்லை, எகிப்திலேயே இருந்ததுதான் என்று அறிக்கை தந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டன் எகிப்தைப் படையால் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த அறிக்கையின் சுவை கூடும். ராபர்ட் கோக் எகிப்திலிருந்து கல்கத்தா வந்து 1884இல் காலராக் கிருமியை இனங்காட்டினார். உடனே லண்டன் அவருடைய முடிவைச் சோதிக்கத் தன் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1885 ரோம் மாநாடு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கலைந்தது.

குவாரண்டைனை வலியுறுத்திய எதிர்த்தரப்பை உத்தமர்கள் என்று கொண்டாடவும் இடமில்லை. பிரான்சுக்கு மார்செய் துறைமுகத்தைப் பற்றிய பயம் உண்மையானது. கால்வாயில் பிரிட்டிஷ் கை ஓங்குவதைக் கண்ட எரிச்சலும் அதே அளவு உண்மையானது. உஸ்மானியர் பாடு இன்னும் சிக்கல். இஸ்தான்புல்லில் 1838இல் நிறுவப்பட்ட அவர்களுடைய சுகாதாரச் சபையிலேயே ஐரோப்பிய அரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வாக்களித்தார்கள். சொந்த வீட்டிலேயே பாதி அதிகாரம்தான். அந்த நிலையில் கமரான் அவர்களுக்கு வருமானம். செங்கடலில் தங்கள் கொடி பறக்கிறது என்பதற்கான சாட்சியும்கூட.

இந்த இழுபறி முழுவதும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் தெரிகிறது. டாக்டர் அப்துர் ரஸ்ஸாக், இந்திய மருத்துவர். 1878இல் யாத்ரீகர்களோடு அனுப்பப்பட்டு, 1882இல் ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக அமர்ந்தார். ஹாஜிகளின் நலம் பார்ப்பது வெளிவேலை. மக்காவும் ஜித்தாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியின் அரசியல் போக்கை உளவறிந்து எழுதுவது உள்வேலை. இரண்டையும் அவர் ஊக்கமாகவே செய்தார். 1895 மே மாதம் ஜித்தா மதிலுக்கு வெளியே பதூயின் நாடோடிகள் அவரைக் கொன்றார்கள்; உடனிருந்த ஐரோப்பியத் தூதர்களும் காயமடைந்தார்கள். மக்காவில் புதிதாக வந்த கிருமிநீக்க எந்திரத்தையும் கூட்டம் அடித்து நொறுக்கியது. நோயைப் பரப்புவதே அந்த எந்திரம்தான் என்ற வதந்தி அப்போது உலவியது. தன் உடுப்பைப் பிடுங்கி எந்திரத்துக்குள் போடுகிறவன் எந்த அரசின் ஆள் என்று தெரியாத மக்களிடம் வேறு என்ன பேச்சு எழும்?

1892 வெனிஸ் ஒப்பந்தம் கப்பல்களை நோயற்றவை, ஐயத்துக்குரியவை, நோய்கண்டவை என்று பிரித்து, முதல் வகைக்குக் கால்வாயைத் திறந்துவிட்டது. கூடவே அலெக்சாந்திரியாவின் குவாரண்டைன் சபையில் எகிப்தியர் இடங்கள் குறைந்தன. யாத்ரீகக் கப்பல்களுக்கான கெடுபிடியோ நீடித்தது. சரக்குக்கு ஒரு நீதி, ஏழைப் பயணிக்கு ஒரு நீதி.

1915இல் பிரிட்டன் கமரானைக் கைப்பற்றியது. அந்த நிலையத்தை அதுவரை குறைசொல்லி வந்த அதே அரசு, அதை மூடவில்லை. 1926இல் டச்சு அரசோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டாக நடத்தியது. யாத்ரீகர் இறங்குவதும் நின்றுவிடவில்லை. காவல்காரன் மாறினான், அவ்வளவே.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கிய பின், இலங்கையின் காலனி அரசு மண்டபம் என்ற ஊரில் முகாம் ஒன்றை நடத்தியது. நிலம் சென்னை மாகாணத்துடையது, நிர்வாகம் கொழும்புடையது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே நாட்கணக்கில் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே கடல் தாண்டினார்கள். சூயஸில் வணிகத்துக்குக் கேடு என்று எதிர்க்கப்பட்ட குவாரண்டைன், மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அதே பேரரசின் கையாலேயே நடந்தது. இங்கே காத்திருந்தது சரக்கு அல்ல, கூலி ஆள்.

ஆகவே இந்த இரண்டு நாளும் படிக்கப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுகாதார மாநாடுகளின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. அவற்றில் பேசுகிறவர்கள் தூதர்களும் மருத்துவர்களும். முகாமில் கிடந்தவர் பேச்சைத் தேட வேறு காகிதங்களைப் புரட்ட வேண்டும்: கட்டணக் கணக்குகள், யாத்ரீகர் மனுக்கள், கங்காணிகளின் பற்றுவரவு, இறப்புப் பதிவேடுகள். முதல் அமர்வு அந்தக் கணக்கேடுகளிலிருந்தே தொடங்கட்டும்.