பட்ஜெட்டில் ஒரு பழைய பாய்மரப் படகு: மலையில் உக்காந்து போட்ட கணக்கு

இந்த எபிசோடும் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் வீட்டுல இருந்துதான். நடுவுல கரண்ட் போச்சு, அதனால ரெண்டு தவணையாப் பேசினதை ஒண்ணாச் சேர்த்திருக்கேன்.

நானும் நாகப்பட்டினத்து நண்பன் ஒருத்தனும் சேர்ந்து, கடல் தாண்டிப் போகக்கூடிய ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கப் பாக்குறோம்னு முன்னாடி ஒரு தடவை சொன்னேன். அன்னையில இருந்து ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. கோடிக்கணக்குல ஆகாதா? பழசை நம்பி நடுக்கடலுக்குப் போவியா? எங்க அம்மா கேக்குறது மூணாவது கேள்வி, அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல பழசு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன்னு ஒரு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரி. 1960-கள்ல பம்பாய்ல இருந்தப்போ அங்கேயே தேக்குல 32 அடிப் படகு ஒண்ணு கட்டினார். பேர் சுஹைலி. அரபு உலகத்துல அகத்திய நட்சத்திரத்தோட பேர் சுஹைல். நிறுத்தாம, தனியா உலகத்தைச் சுத்தி வரணும்னு முடிவு பண்ணினப்போ அவர் மனசுல இருந்தது சுஹைலி இல்லை, பெரிய புது இரும்புப் படகு. அதுக்குக் காசு தேறலை. கையில இருந்த படகுலயே 1968 ஜூன் 14 அன்னைக்கு ஃபால்மவுத் துறைமுகத்துல இருந்து கிளம்பினார். 1969 ஏப்ரல் 22 அன்னைக்குத் திரும்பி வந்தார். அந்தப் பந்தயத்துல இறங்கின ஒன்பது பேர்ல முடிச்சது அவர் ஒருத்தர்தான். உலகத்திலேயே முதல் ஆள்.

சுஹைலி குறையில்லாத படகுன்னு நினைச்சுடாதீங்க. அட்லாண்டிக்லயே பலகை இடுக்கு வழியாத் தண்ணி வந்துச்சு. அவர் கடல்ல குதிச்சு, படகுக்கு அடியில போய் அடைச்சார். பிற்பாடு தானியங்கி சுக்கான் உடைஞ்சது, ரேடியோவும் போச்சு. ஆனா அந்தப் படகு எங்க ஒழுகும், எந்தக் காத்துல எப்படிச் சாயும்னு அவருக்கு அத்துப்படி. அதுக்கு முன்னாடியே பம்பாய்ல இருந்து இங்கிலாந்து வரைக்கும் அதை ஓட்டிட்டுப் போயிருக்கார்.

அதே பந்தயத்துல டொனால்ட் க்ரோஹர்ஸ்ட்னு ஒருத்தர் புத்தம் புது டிரைமரான்ல போனார். கிளம்புற நாள் வரைக்கும் படகு வேலை முடியலை. பணம் போட்டவரோட ஒப்பந்தம் கழுத்தை நெரிச்சுது, திரும்பி வந்தா திவால். அவர் திரும்பி வரவே இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைச்ச 5,000 பவுண்டை அவர் குடும்பத்துக்கே கொடுத்துட்டார். சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இது புரியும்: பத்து வருஷம் ஓடின லெகசி கோடுல பக் எங்கெங்க இருக்குன்னு ஒரு பட்டியலே இருக்கும், நேத்து ராத்திரி ரிலீஸ் பண்ணினதுல அந்தப் பட்டியல் இருக்காது.

நம்ம நாட்டுக் கதையும் இருக்கு, ஆனா நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியர்கள் முதல்முதலா பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தினது ஒரு செகண்ட் ஹேண்ட் படகுல. திரிஷ்ணா, 37 அடி, பிரிட்டன்ல வாங்கினது. ராணுவப் பொறியாளர் படையினர், டி.பி.எஸ். சௌத்ரி தலைமையில 1985 செப்டம்பர் 28 அன்னைக்கு மும்பையில இருந்து கிளம்பி, 1987 ஜனவரி 10 அன்னைக்குத் திரும்பினாங்க. ராணுவமே பழைய படகு வாங்கிச் சமாளிச்சிருக்கு. நாங்க எம்மாத்திரம்?

சரி, எந்தப் பழசு? நாங்க தேடுறது 1970-கள், 80-கள்ல கட்டின, 30 அடியை ஒட்டின ஃபைபர் படகு. அந்தக் காலத்துல ஃபைபர் எவ்வளவு தாங்கும்னு கட்டினவங்களுக்கே முழு நம்பிக்கை வராததால தடிமனாப் போட்டாங்கன்னு சொல்லுவாங்க. உதாரணத்துக்கு கான்டெஸா 32. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்துல புயல் அடிச்சு 15 போட்டியாளர்கள் இறந்தாங்க. அதுல சின்னப் படகுகளோட பிரிவுல முடிச்சது ஒரே ஒரு படகு, அது ஒரு கான்டெஸா 32. நாங்க இப்ப விளம்பரம் பாக்குற படகுகள் இந்த ஜாதிதான்.

40 அடிப் படகும் அதே விலைக்கு வருதே, ஏன் எடுக்கலைன்னு கேக்குறாங்க. நீளம் மூணுல ஒரு பங்கு கூடினா எடை மூணுல ஒரு பங்கு கூடாது. நீளம், அகலம், ஆழம் மூணும் கூடுறதால ஏறக்குறைய 2.4 மடங்கு ஆயிடும். பாய், கம்பி, நங்கூரம், பெயிண்ட், நிறுத்துற வாடகை எல்லாம் அந்தக் கணக்குப் பக்கமாத்தான் நகரும். 40 அடிப் படகு 30 அடி விலைக்குக் கிடைக்குதுன்னா, மிச்ச விலையை நீங்க அப்புறம் கட்டப் போறீங்கன்னு அர்த்தம்.

இப்ப தட்டிப் பாக்குற கதை. எங்க அப்பா பழைய டிராக்டர் வாங்கப் போனா பெயிண்டைப் பாக்கவே மாட்டார். அடியில படுத்துடுவார். படகும் அப்படித்தான். சின்ன பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக்கிட்டு மேல்தளம் முழுக்க ஒவ்வொரு சாணா தட்டிக்கிட்டே போகணும். மண்பானையைத் தட்டிப் பாத்து வாங்குற மாதிரிதான். டங்குன்னு கேட்டா நல்லது. பொத்துன்னு கேட்டா, ரெண்டு ஃபைபர் அடுக்குக்கும் நடுவுல வெச்ச கட்டை தண்ணி குடிச்சு ஊறிப் போயிருக்கு. முக்கியமா ஸ்க்ரூ இறங்கின இடங்களைச் சுத்தி.

என் நண்பன் வீட்டுல ஃபைபர் படகுதான் தொழில். மேட், ரெசின் எல்லாம் அவனுக்குச் சோறு மாதிரி. அவன் சொன்னது: "மச்சான், உடம்பு ஓட்டையா இருந்தா பத்து நாள்ல நான் ஒட்டித் தர்றேன். கம்பியும் கீலும்தான் நம்மளைக் கொல்லும்."

கம்பின்னு அவன் சொன்னது பாய்மரத்தை நிக்க வெக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை. பத்துல இருந்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தணும்கிறது பொதுவான கணக்கு, இன்சூரன்ஸ்காரங்களும் அதைத்தான் கேப்பாங்க. எப்ப மாத்தினோம்னு விக்கிறவர் பில்லு காட்டலைன்னா, மாத்தவே இல்லைன்னு எழுதிக்குங்க. கம்பியைவிட மோசம், அதைப் படகோட பிடிச்சிருக்குற செயின்பிளேட். அது மேல்தளத்தை ஊடுருவி உள்ள இறங்குற இடத்துல தண்ணி தேங்கும், காத்துப் படாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காம இருக்குறதுக்கே ஆக்ஸிஜன் வேணும். அது கிடைக்காத இடத்துல கண்ணுக்குத் தெரியாம உள்ளயே அரிக்கும். வெளிய வெள்ளி மாதிரி மின்னும், உள்ள பாதி இருக்காது. கழட்டிப் பாக்காம பணம் கொடுக்கக் கூடாது.

கீல்னா படகுக்கு அடியில தொங்குற எடை, படகு கவிழ்ந்தா நிமித்துறது அதுதான். 2014-ல அட்லாண்டிக்ல சீக்கி ராஃபிக்கிங்கிற படகோட கீல் கழண்டு நாலு பேர் இறந்தாங்க. அது பழைய காலத்துப் படகு இல்லை. முன்னாடி தரைதட்டினதும் பழுதுபாத்ததும் அடிப்பாகத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம்னு பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொல்லுது. அதனால நாங்க கேக்குற முதல் கேள்வி, "எத்தனை வருஷப் படகு?" இல்லை, "எப்ப தரைதட்டுச்சு?" அந்தக் கேள்விக்கு விக்கிறவர் முகம் எப்படி மாறுதுன்னு பாக்கணும், அதுக்காகவே வீடியோ கால்.

இன்ஜினுக்கு ஒரு வரி போதும். நீங்க போய்ச் சேரும்போது அது சூடா இருக்கக் கூடாது. பழைய பைக் வாங்குறப்போ சைலன்சரைத் தொட்டுப் பாப்பீங்களே, அதே காரணம்தான். டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு, வந்த வழியைப் பாத்துத் திரும்பிடுங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகும் சர்வேயர் வேணும். விக்கிறவரோ புரோக்கரோ காட்டுறவர் வேண்டாம், நாம காசு கொடுத்துக் கூப்பிடுறவர். படகைத் தண்ணியில இருந்து தூக்கிவெச்சுத்தான் பாக்கணும். அந்தச் செலவு வலிக்கும். ஆனா விலையைக் குறைக்க அந்த அறிக்கையை விட நல்ல ஆயுதம் கிடையாது.

பணம். நான் ஒன்பது லட்சம், அவன் ஒன்பது லட்சம், ஆக மொத்தம் பதினெட்டு. இது எனக்கு அஞ்சு வருஷச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சது. படகு விலை ஒன்பதைத் தாண்டக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். கம்பி, பாய், செயின்பிளேட், லைஃப்ராஃப்ட்னு வாங்கின உடனே ஆறு லட்சம் போகும். மிச்சம் மூணு லட்சத்தைத் தொடவே கூடாது. அவன் அந்த மூணையும் படகு விலையில சேர்த்தா இன்னும் நல்லதாக் கிடைக்கும்ங்கிறான். இதுல மட்டும் எங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயலை. பதினெட்டுக்கும் படகு வாங்கினா, பாய் கிழிஞ்ச அன்னைக்கு அது மிதக்குற கடன். நான் விட்டுக் கொடுக்குறதா இல்லை.

எங்க வாங்குறது? சென்னைக்குக் கொண்டுவந்தா சுங்க வரி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி மட்டும் 40 சதவீதம். ரெண்டையும் சேர்த்தா படகு விலையில பாதிக்கு மேல வரியே வந்துடும், எங்க ஆறு லட்சம் அதுலயே காலி. அதனால கண்ணு மலேசியாவோட லங்காவி மேல. வரியில்லாத தீவு, உலகம் சுத்தக் கிளம்புறவங்க பல பேர் வந்து தங்குற இடம். இந்தியப் பெருங்கடலைத் தாண்ட மனசில்லாம, உடம்பு முடியாம, பேரப்பிள்ளை பொறந்துட்டதுன்னு அங்கயே வித்துட்டு விமானம் ஏறுறவங்க உண்டு. அவங்க படகுல நங்கூரத்துல இருந்து மருந்துப் பெட்டி வரைக்கும் எல்லாம் இருக்கும். அங்கயே வாங்கி, அங்கயே வெச்சு, லீவுல போய் ஓட்டிப் பழகறதுதான் திட்டம். அப்புறம் வடகிழக்குப் பருவக்காத்து சீரா அடிக்கிற ஜனவரி, பிப்ரவரியில இலங்கை வரைக்கும். ஆயிரம் கடல் மைலுக்கு மேல.

அதுக்காக மலையிலயே ஒரு பயிற்சி ஓடுது. ஜிபிஎஸ் செத்தா என்ன பண்றதுன்னு பழைய பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் ஒண்ணு வாங்கினேன். சூரியனோட உயரத்தை அடிவானத்துல இருந்து அளக்கணும், ஆனா இங்க அடிவானம் எங்க இருக்கு, சுத்தி மலைதான். தட்டுல பழைய இன்ஜின் ஆயிலை ஊத்தி, அதுல தெரியுற சூரியனையும் வானத்துச் சூரியனையும் ஒட்ட வெச்சு, வர்ற கோணத்தைப் பாதியாக்கணும். டிசம்பர் மத்தியானம் சூரியன் 54 டிகிரி, கருவியில 108 காட்டும், அது சரி. ஏப்ரல்ல சூரியன் உச்சந்தலைக்கு வந்துடும், கருவியோட அளவுகோல் அவ்வளவு தூரம் போகாது. காலையிலயும் சாயங்காலமும் மட்டும்தான் முடியும். ராத்திரி சுலபம். பக்கத்துல காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, 2.34 மீட்டர் தொலைநோக்கியோட. இங்க வானம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரியில நிக்கும், அதுதான் எங்க ஊரோட அட்சரேகை. குளிர்காலத்துல தெற்கே அகத்தியரும் எழும்பி வருவார். கடல்ல வழி காட்டுற நட்சத்திரங்கள்ல அவரும் ஒருத்தர்.

இப்ப அம்மா கேள்வி. "திரும்பி வருவியா?" அபிலாஷ் டோமி செய்தியை அவங்க டிவியில பாத்திருக்காங்க. 2018 கோல்டன் குளோப் பந்தயத்துல, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல்ல அவர் படகு புரண்டு, பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்திருக்க முடியாமக் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் வந்துதான் மீட்டது. அதே மனுஷர் 2022-ல மறுபடி கிளம்பினார், ரஸ்லர் 36 ரகப் படகுல. அந்தப் பந்தயத்துல 1988-க்கு முன்னாடி வரைஞ்ச படகுகளுக்குத்தான் அனுமதி. 2023 ஏப்ரல் 29 அன்னைக்கு, 236 நாள் கழிச்சு, ரெண்டாவதா வந்தார். இதைச் சொன்னேன். அம்மா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கிட்டாங்க.

அவங்களுக்கு நான் கொடுத்த வாக்கு ரெண்டு. சர்வேயர் எழுதின ஒவ்வொரு குறையையும் சரி பண்ணாம கரை கண்ணை விட்டு மறையாது. இலங்கைப் பயணத்துக்கு முன்னாடி, அந்தப் படகை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் எங்களோட ஒரு வாரமாவது கடல்ல இருப்பார்.

அடுத்த மாசம் ரெண்டு பேரும் லங்காவி போறோம். பட்டியல்ல மூணு படகு. ஒண்ணுல கீல் போல்ட்டைக் கழட்டிப் பாக்க விக்கிறவர் ஒத்துக்கலை, அதை இன்னைக்கே அடிச்சுட்டேன். மிச்சம் ரெண்டு. சுத்தியல் வாங்கியாச்சு.