மழை எல்லாருக்கும், ஆபத்து யாருக்கு?



2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடியதில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். மழை ஊர் முழுக்கத்தான் பெய்தது. ஆனா மலையடியில், ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்குத்தான் உயிராபத்து.

அங்கே ஏன் குடியிருக்கிறோம்? வேறு இடத்தில் மனை வாங்க நம்மில் பலருக்கு வசதியில்லை. பட்டாவும் இல்லை. விட்டுட்டுப் போனா இடம் போயிடுமோன்னு பயம். அதனால எச்சரிக்கை வந்தாலும் கிளம்பத் தயங்குறோம்.

ஐப்பசிக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் ஆபத்தான வீடுகளைப் பட்டியல் எடுப்போம். முதியோர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடுகளைத் தனியாகக் குறிப்போம். மாற்று இடம் கேட்டுத் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுப்போம். மழை வலுத்தா 1077க்கு போன் செய்வோம்.