மராமத்துக் காசு

(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

பிள்ளைகள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்க ‘விபிஎன்’ போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தகவலைப் பூட்டி அனுப்பும் மென்பொருள் அது. 2001-இல் வந்த ஓப்பன்விபிஎன் அதில் ஒன்று, இலவசம். அதன் பூட்டு ஓப்பன்எஸ்எஸ்எல், அதுவும் இலவசம்.

2014 ஏப்ரலில் அந்தப் பூட்டில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை தெரியவந்தது. இரண்டு வருஷமாக இருந்த ஓட்டை! உலகமே பயன்படுத்தியதற்கு முழுநேர ஆள் ஒருவர்தான். வருஷ நன்கொடை சுமார் 2,000 டாலர். வங்கியில் கணக்கெழுதிய எனக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் அப்டேட் செய்தவருக்குத்தான் அது பயன்பட்டது. பெரிய கம்பெனிகள் பணம் தந்தது அதற்கப்புறம்தான்.

நாஞ்சில் நாட்டில் குளத்தை மராமத்து பார்க்காவிட்டால் கடைமடை காயும். நம் லிஃப்டும் அப்படித்தான். போன் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். பராமரிப்புக் கட்டணத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.