பெற்றோல் காரிலிருந்து மின்சாரக் காருக்கு: கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை

(நகரசபையின் தமிழ்மொழித் தகவல் அரங்கில் 2025 ஒக்ரோபர் மாதம் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம். இதில் குறிப்பிடப்படும் கட்டணங்களும் வரிகளும் அம்மாத நிலவரப்படியானவை.)



மின்சாரக் கார் நல்லதா, கெட்டதா என்ற விவாதம் இந்த அரங்கிற்கு உரியதன்று. அது எந்த வீட்டுக்குப் பொருந்தும், எந்த வீட்டுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்பதே இன்று பேசப்பட வேண்டியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் இங்கே பலர் இருப்பர். எரிபொருளை மாற்றிக்கொள்வது எப்படி என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இந்நாட்டில் இம்மாற்றத்தோடு பல ஒப்பந்தங்களும் அனுமதிகளும் சேர்ந்தே வருகின்றன. இழப்பு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

முதலில் ஓர் அச்சத்தை அகற்றிவிடலாம். அதிதாழ் உமிழ்வு வலயம் 2023 ஓகஸ்ட் 29 முதல் இலண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நிபந்தனைக்கு அமையாத வாகனத்துக்கு நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ் கட்டணம். இதைக் கேள்வியுற்ற பலர், ‘பெற்றோல் காரை இனி ஓட்டவே முடியாதாம், மின்சாரக் கார்தான் வாங்க வேண்டுமாம்’ என்று எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாகனத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டனர். வலயத்தின் பெயரில் இருப்பது ‘தாழ் உமிழ்வு’ என்பதே. ‘உமிழ்வே இல்லை’ என்பதன்று. பெற்றோல் கார் யூரோ 4 தரத்தையும் டீசல் கார் யூரோ 6 தரத்தையும் நிறைவுசெய்தால் போதும். 2006க்குப் பின் பதிவான பெற்றோல் கார்களில் ஏறக்குறைய அனைத்தும் இதற்குள் அடங்கும். டீசலைப் பொறுத்தவரை 2015 செப்டெம்பருக்குப் பின் பதிவானவை பொதுவாக அமையும். இலண்டன் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தை இட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

2030ஆம் ஆண்டைப் பற்றியும் இதே போன்ற குழப்பம் நிலவுகிறது. அவ்வாண்டுடன் நிறுத்தப்பட இருப்பது புதிய பெற்றோல், டீசல் கார்களின் விற்பனை மாத்திரமே. கலப்பின வாகனங்களுக்கு 2035 வரை இடமுண்டு. ஏற்கெனவே பாவனையில் உள்ள காரை ஓட்டவோ விற்கவோ வாங்கவோ அதனால் தடை ஏற்படாது. ஆகவே அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம், இதைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று ஒரு முறை கேட்டுவிடுவது நன்று. தனியார் வாடகை வாகனம் ஓட்டுவோரின் நிலை வேறு. 2023 ஜனவரி 1 முதல் இலண்டனில் மினிகாப்பாக முதன்முறை உரிமம் பெறும் எந்த வாகனமும் உமிழ்வின்றி ஓடும் ஆற்றல் உள்ளதாக இருத்தல் வேண்டும். ஆற்றல் என்ற சொல் முக்கியமானது. முழு மின்சாரக் காரும் வரும், உரிய அளவைகளுக்கு அமைந்த, செருகி மின்னேற்றும் கலப்பினக் காரும் வரும்.

இனிக் கணக்கு. ஆண்டுக்கு 7,000 மைல் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவுடைய மின்சாரக் கார், ஓர் அலகு மின்சாரத்தில், அதாவது ஒரு கிலோவாற்று மணியில், ஏறத்தாழ 3.5 மைல் ஓடும். ஆகவே ஆண்டுக்கு 2,000 அலகு வேண்டும். மின்சாரக் காருக்கென உள்ள இரவுநேரக் கட்டணத் திட்டத்தில், அலகு 8 பென்ஸ் வீதம், வீட்டிலேயே மின்னேற்றினால் 160 பவுண் ஆகும். அதே வீட்டில் சாதாரணக் கட்டணத்தில், அலகு 26 பென்ஸ் வீதம், 520 பவுண். வீட்டில் வசதியின்றி, பொது இடத்திலுள்ள அதிவேக மின்னேற்றியையே நம்பியிருந்தால், அலகு 75 பென்ஸ் வீதம், 1,500 பவுண். கலனுக்கு 40 மைல் ஓடும் பெற்றோல் காருக்கு அதே தூரத்துக்கு, லீற்றர் 1 பவுண் 35 பென்ஸ் வீதம், ஏறத்தாழ 1,070 பவுண் செலவாகும்.

ஒரே கார், ஒரே தூரம். ஒருவருக்கு 160, மற்றவருக்கு 1,500. பெற்றோலைவிட மலிவு என்பது முன்முற்றத்தில் கார் நிறுத்தக்கூடிய வீட்டாருக்கு முழு உண்மை. அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வாழ்பவருக்கு அது பொய்யாகிவிடக் கூடும். இந்த வேறுபாட்டை அரசின் வரியும் கூட்டிவிடுகிறது: வீட்டு மின்சாரத்துக்குச் சேர்பெறுமதி வரி 5 வீதம், பொது இடத்து மின்னேற்றத்துக்கு 20 வீதம். முற்றம் இல்லாதவரிடம் கூடுதல் வரி வாங்கும் ஏற்பாடு நியாயமானதென்று சொல்வது கடினம். தெருவிளக்குக் கம்பங்களில் பொருத்தப்பட்ட மெதுவான மின்னேற்றிகள் அதிவேக மின்னேற்றிகளைவிட மலிவானவை. எனினும் வீட்டின் இரவு விலையை அவை நெருங்குவதில்லை. இரவுநேரத் திட்டத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு நுண்ணறி மீற்றர் தேவை. பகல் விலை சில திட்டங்களில் வழமையைவிடக் கூடுதலாக இருக்கும். பகல் முழுவதும் வீட்டில் முதியோர் இருந்து, சமையலும் வெப்பமூட்டலும் மின்சாரத்திலேயே நடக்கும் இல்லத்தில், காரில் மிச்சம் பிடித்தது அடுப்பில் போய்விடலாம்.

வரிச் சலுகைக் காலமும் கடந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் காருக்கும் வீதி வரி உண்டு. 2025இல் புதிய காருக்கு முதலாம் ஆண்டு 10 பவுண், அதன்பின் ஆண்டுக்கு 195 பவுண் என்றிருந்தது. 2017 ஏப்ரலுக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையில் பதிவான மின்சாரக் கார்களுக்கும் அப்போது 195 பவுண்தான். 2025இல் இருந்த விதிப்படி, 2025 ஏப்ரலுக்குப் பின் பதிவாகும் காரின் பட்டியல் விலை 40,000 பவுணைத் தாண்டினால், இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மேலும் 425 பவுண் சேர இருந்தது. நடு இலண்டனின் நெரிசல் கட்டணத்திலிருந்து மின்சாரக் கார்களுக்கு இருந்த முழு விலக்கும் 2025 திசெம்பர் 25 உடன் முடிந்தது.

அடுத்தது நடைபாதை. நகரசபைக்கு இது தொடர்பாகவே அதிகம் எழுதுகிறார்கள். வரிசை வீடுகள் உள்ள தெருவில், சன்னலால் நீட்டிய கம்பியை நடைபாதைக்குக் குறுக்கே இழுத்து, வீதியில் நிற்கும் காரில் செருகிவிடுவது வழக்கமாகி வருகிறது. மேலே ஒரு இறப்பர் விரிப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நடைபாதையும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே. வீதி அதிகாரசபையின் சம்மதமின்றி அதன் குறுக்கே கம்பியோ வடமோ இடுவது குற்றமாகும். அபராதத்தைவிடப் பெரிய கவலை வேறொன்று. வெள்ளைப் பிரம்புடன் வருபவரோ, இருட்டில் குழந்தை வண்டி தள்ளி வரும் தாயோ அதில் தடுக்கி விழுந்தால், கம்பியை இட்டவர் மீது கவனயீனத்துக்கான இழப்பீட்டு வழக்குத் தொடுக்கப்படலாம். வீட்டுக் காப்புறுதி அதற்குப் பொறுப்பேற்குமா என்பது பத்திரத்தைப் படித்தால்தான் தெரியும். அனுமதியற்ற செயல் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுக்கவும் கூடும்.

வேறு வழி இல்லாமலில்லை. நடைபாதையில் ஒடுங்கிய கால்வாய் ஒன்றை வெட்டி, மூடியின் கீழே கம்பியைச் செலுத்தும் முறையைச் சில உள்ளூராட்சி மன்றங்கள் அனுமதிக்கின்றன. மன்றம் அனுமதித்த இத்தகைய ஏற்பாடு இருந்தால், வீதியில் மாத்திரம் நிறுத்தும் வசதியுள்ள இல்லத்தாரும் வீட்டு மின்னேற்றிக்கான அரச மானியத்தைக் கோரலாம். 2025இல் அது செலவில் முக்கால் பங்காக, 350 பவுணுக்கு மேற்படாமல் இருந்தது. விண்ணப்பித்து எழுத்தில் விடை வந்த பின்னரே காரை வாங்குவது முறை. காரை வாங்கிவிட்டு விண்ணப்பிப்பது தலைகீழ். முன் தோட்டத்தை நிறுத்துமிடமாக மாற்ற விரும்புவோருக்கும் இதுவே பொருந்தும். நடைபாதை விளிம்பைத் தாழ்த்தி வாகனக் கடவை அமைக்க மன்றத்தின் அனுமதி தேவை. எல்லா வீடுகளுக்கும் அது கிடைப்பதில்லை. மற்றொன்று: தன் வீட்டுக்கு முன்னாலுள்ள வீதி இடம் தனக்கே உரியது என்று எவரும் கருத முடியாது. குடியிருப்பாளர் அனுமதிப்பத்திரம் அந்தத் தெருவில் நிறுத்தும் உரிமையைத் தருமேயன்றிக் குறிப்பிட்ட இடத்தைத் தருவதில்லை. கால்வாய் வெட்டிய இடத்தில் பக்கத்து வீட்டார் காரை நிறுத்தினாலும் அது தவறாகாது.

அடுக்குமாடி வீட்டை உடையவர்கள் ‘வீடு எங்களுடையது’ என்பார்கள். பத்திரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது 99 அல்லது 125 ஆண்டுக் குத்தகையாக இருக்கும். நிறுத்துமிடம் அக்குத்தகையில் வீட்டோடு சேர்த்து வழங்கப்பட்டதா, அல்லது பயன்படுத்தும் அனுமதி மாத்திரம் தரப்பட்டதா என்பதே முதற் கேள்வி. மின்னேற்றிக்கான கம்பி பொதுச் சுவரையும் பொது மின்னறையையும் கடக்க வேண்டியிருப்பதால் நில உரிமையாளரின் சம்மதம் இன்றியமையாதது. அதை எழுத்தில் பெற வேண்டும். முகாமையாளர் தொலைபேசியில் ‘பிரச்சினையில்லை’ என்று சொன்னது, அவர் வேலையை விட்டுப் போனபின் எவருக்கும் நினைவிருக்காது. வாடகைக்கு இருப்போருக்கும் இதுவே விதி. மேற்சொன்ன மானியம் வாடகையாளருக்கும் அடுக்குமாடி உரிமையாளருக்கும் உண்டு. சொந்தத் தனிவீட்டில் முற்றத்துடன் வாழ்வோருக்கு அது இப்போது இல்லை.

மின்னேற்றியைப் பொருத்துவதைத் தெரிந்த தம்பி ஒருவரிடம் மலிவாக ஒப்படைக்கும் எண்ணம் வேண்டாம். வழமையான வீட்டு மின்னேற்றி 7 கிலோவாற்று ஆற்றலுடையது. ஏறத்தாழ 32 அம்பியர் மின்னோட்டத்தைப் பல மணி நேரம் இடைவிடாது இழுக்கும். பழைய வீட்டின் பிரதான உருகி 60 அம்பியராக இருந்தால், மின்குளிப்பானும் அடுப்பும் சேரும்போது அது தாங்காது. இதற்கெனப் புதிய தனிச்சுற்று அமைப்பது கட்டட ஒழுங்குவிதிகளின் கீழ் அறிவிக்கப்பட வேண்டிய வேலை. மின்விநியோக நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தகுதிபெற்ற மின்வினைஞர் இவற்றைத் தாமே செய்து சான்றிதழ் தருவார். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

இறுதியாக, வாங்கும் ஒப்பந்தம். தமிழில் வீட்டுக்கும் காருக்கும் ‘குத்தகை’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் நேரும் மயக்கம் சிறிதன்று. மாதத் தவணையில் கார் தரும் இரு முறைகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில், குறித்த ஆண்டுகளின் பின் காரைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அது ஒருபோதும் சொந்தமாகாது. பி.சி.பி. எனப்படும் மற்றதில், இறுதியில் பெருந்தொகை ஒன்றைச் செலுத்தினால் சொந்தமாகும். இரண்டிலும் மைல் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மைல் கணக்கில் அறவிடுவர்.

வேலை போய்த் தவணை கட்ட முடியாத நிலை வந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். பி.சி.பி. ஒப்பந்தத்துக்கு 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது: மொத்தத் தொகையில் பாதியைச் செலுத்தியவர், அல்லது குறைந்த மிச்சத்தைக் கட்டிப் பாதியாக்குபவர், காரை நல்ல நிலையில் ஒப்படைத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். பாதி என்பது அந்த இறுதிப் பெருந்தொகையையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அந்தப் புள்ளி நடுவில் வராது, கடைசியை நெருங்கித்தான் வரும். முதல் வகையான வெறும் வாடகை ஒப்பந்தத்தில் இவ்வாயிலே இல்லை. கையெழுத்திடுமுன் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பாவித்த மின்சாரக் கார்களின் விலை இறங்கியிருப்பதால் அவற்றை நாடுவோர் பெருகியுள்ளனர். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மின்கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 100,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, உத்தரவாதம் தருகின்றனர். கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே இறங்கினால் பழுதுபார்ப்பர் அல்லது மாற்றித் தருவர். எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைக் காரின் வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும். மின்கலத்தின் நிலை பற்றிய அறிக்கையைக் கேட்கத் தயங்க வேண்டாம். வணிகரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, குறையுள்ள காரை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். கோயிலில் அறிமுகமான அன்பரிடம் தனிப்பட வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பழைய காரைக் கைவிடும்போது லொக்புக் எனப்படும் பதிவேட்டின் உரிய பகுதியை நிரப்பி, அல்லது இணையம் வழியாக, டி.வி.எல்.ஏ.க்கு உடனே அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்வரை, புதியவர் ஓட்டிப் பெறும் அபராதக் கடிதங்கள் பழைய முகவரிக்கே வரும். வீதி வரி புதியவருக்கு மாறாது. எஞ்சிய முழு மாதங்களுக்கான தொகை பழைய உரிமையாளருக்குத் திரும்பும். உடைப்புக்குக் கொடுப்பதாயின் அனுமதிபெற்ற நிலையத்திடம் கொடுத்து அழிப்புச் சான்றிதழ் பெற வேண்டும். இங்கிலாந்தில் பழைய உலோகத்துக்குக் காசாகப் பணம் கொடுப்பது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. வாசலுக்கு வந்து காசை எண்ணிக் கொடுத்துக் காரை இழுத்துச் செல்ல முன்வருபவரிடம் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.