கதவடைபட்ட பிள்ளைகள்



2006ஆம் ஆண்டில் வெளிவந்த "அக்செப்டெட்" என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். நெறிப்படுத்தியவர் ஸ்டீவ் பிங்க். ஒஹையோ மாநிலத்து மாணவன் பார்டில்பி விண்ணப்பித்த கல்லூரிகள் யாவும் அவனை மறுத்துவிடுகின்றன. பெற்றோர் முகத்தில் விழிக்க அஞ்சி, இல்லாத கல்லூரியொன்று தன்னை ஏற்றதாகக் கடிதம் காட்டுகின்றான். கைவிடப்பட்ட மனநோய் மருத்துவமனையொன்றைச் செப்பனிட்டு, அதுவே கல்லூரி என்கின்றான். நண்பன் அமைத்த இணையத்தளமோ விண்ணப்பித்தோர் அனைவரையும் சேர்த்துக்கொள்ள, எங்கும் இடங்கிடையாத பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பணத்துடன் வாசலில் வந்து நிற்கின்றனர்!

நாம் சிரிக்கின்றோம், ஆயினும் சிரிப்பினூடே ஒன்று உறுத்துகின்றது. கற்க விரும்புவது எதுவென்று அப்பிள்ளைகளைக் கேட்டவன் அந்தப் பொய்யனேயன்றோ? பெரியோர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பொய் வெளிப்பட்டுக் கல்லூரி மூடப்படுகின்றது. அங்கீகாரச் சபையின் முன் நின்று உள்ளதைப் பேசிய பின்னரே ஓராண்டுத் தவணை கிடைக்கின்றது.

இளைஞர்களே, மறுப்புக் கடிதம் வாழ்வின் முடிவன்று, அதனை மறைக்காதீர்கள். பெற்றோர்களே, அக்கடிதத்துடன் வரும் பிள்ளைக்கு வீட்டுக் கதவையேனும் திறந்து வையுங்கள்.